விட்லோஃப் கொட்டகையில் வில்ட யான்

எங்கள் ஊரில் பயம் என்று மட்டும் முகவரி எழுதி ஒரு கடிதம் போட்டால், தபால்காரர் யாரையும் கேட்காமல் ஒடீல் வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். அவளுக்கு இடி பயம். நாய் பயம். மாடு வேலிக்கு அந்தப் பக்கம் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தாலும் பயம். பக்கத்து நகரம் லூவனின் கடைத்தெருவுக்குப் போனால் நகரும் படிக்கட்டில் கால் வைக்கமாட்டாள். பக்கத்துப் படிக்கட்டைத் தேடி, பைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுவாள். இருட்டிய பிறகு போன் அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்று முடிவு கட்டி, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த பிறகுதான் எடுப்பாள். முக்கால்வாசி நேரம் அது மின்சாரக் கம்பெனிக்காரன் ஏதாவது திட்டத்தை விற்கிற போனாக இருக்கும்.

எங்களுக்கும் பயம் உண்டு, பூட்டி வைத்திருக்கிறோம். ஒடீலுக்குப் பூட்டத் தெரியாது. ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டு, "நேத்து மேகத்தைப் பாத்தீங்களா? எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு" என்று சத்தமாகச் சொல்லுவாள். வரிசையே சிரிக்கும். அவளும் கோபித்துக்கொள்ளமாட்டாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

ரெமி அவளுக்குக் கிடைத்ததே அப்படித்தான். ஊர்த் திருவிழாவில் ராட்டினத்தின் உச்சியில் அவள் போட்ட கூச்சலில் ராட்டினக்காரன் மிரண்டுபோய் இயந்திரத்தையே நிறுத்திவிட்டான். பக்கத்துத் தொட்டிலில் இருந்த விட்லோஃப் பயிரிடுகிற விவசாயியின் மகன் ரெமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே, "என்ன சிரிப்பு? எனக்கு நெஜமாவே பயமா இருக்கு" என்றாள். கீழே இறங்கியதும், வழியில் நாய் இருக்கிற வீட்டைத் தாண்டி அவளைக் கொண்டுபோய் விட்டது அவன்தான். அன்று தொடங்கிய சிரிப்பைக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. பொல்லாத சிரிப்பு இல்லை. ஆனால் சிரிப்பு சிரிப்புதான்.

அவள் பயப்படாத பொருள் ஒன்றே ஒன்று இருந்தது, பீர் பாட்டில். இளம்பெண்ணாக இருந்தபோதே ஆற்றோரத்துச் சின்ன பீர் ஆலையில் பாட்டில் நிரப்பும் வேலைக்குப் போனவள். அப்போது அது லீவெனின் மாமா கையில் இருந்தது, இப்போது லீவென் கையில். நிரப்புகிற இடத்தில் எப்போதாவது ஒரு பாட்டில் படாரென்று உடையும். மற்றவர்கள் ஓரடி துள்ளுவார்கள். ஒடீல் துடைப்பத்தை எடுத்து வருவாள். மாடு பயம், இது பயம் இல்லையா என்று கேட்டால், "மாடு என்ன நெனைக்குதுன்னு எனக்குத் தெரியாது. பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்பாள்.

அந்த நினைப்புத்தான் வினையாகப் போனது.

லீவென் இரண்டு வருஷமாக ஒரு புதுப் பீருக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். நல்ல கனமான பொன்னிறப் பீர், ஒரு கோப்பை உள்ளே போனால் குடித்தவன் இன்னொருத்தன் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற அளவுக்கு வீரியம். பழைய காலத்தில் இந்த வட்டாரத்தில் கோழி திருடிக்கொண்டு திரிந்த ஒருவன் பெயரை அதற்கு வைத்தான்: வில்ட யான், அதாவது முரட்டு யான். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிப் பீரைப் பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் கொஞ்சம் புது ஈஸ்ட்டும் சேர்த்து மூடுவார்கள். மூடிய பாட்டிலைக் கதகதப்பான அறையில் சில வாரம் வைத்தால் உள்ளே இன்னொரு முறை பொங்கி நுரை பிடிக்கும். லீவென் இந்தத் தடவை அந்த ஈஸ்ட்டை மாற்றினான். வயல்வேலைக்காரர்களுக்கென்று ஒருகாலத்தில் வடித்த பீரிலிருந்து எடுத்த ஈஸ்ட் அது. மற்ற ஈஸ்ட் தொடாமல் விட்ட மிச்சச் சர்க்கரையையும் விடாமல் தின்று தீர்த்து வாயுவாக்கும். ருசிக்காகத்தான் மாற்றினான். ஈஸ்ட்டை மாற்றினானே தவிர, சர்க்கரை அளவைக் குறைக்கவில்லை. அளந்து போட்டவள் ஒடீல், சரி என்று தலையாட்டியவன் லீவென். இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

ஆலையின் சூடான அறையில் பாதிப் பெட்டிகளுக்குத்தான் இடம் இருந்தது. மீதியை எங்கே வைப்பது? ஒடீலுக்கு உடனே ரெமியின் கொட்டகை ஞாபகம் வந்தது. விட்லோஃப் என்பது வெயில் படாமல் வளர வேண்டிய வெள்ளைக் குருத்து. குளிர்காலம் முழுக்க ரெமி கிழங்குகளை மண்ணில் நெருக்கமாக நட்டு, மேலே நெளிதகரம் மூடி, மண்ணுக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடவிட்டு, ஜன்னலில்லாத இருட்டுக் கொட்டகையில் அதை முளைக்க வைப்பான். வெளியே பிப்ரவரிப் பனி கொட்டினாலும் உள்ளே கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் நிற்க முடியும். பீர்ப் பெட்டிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

ரெமி தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் கொட்டகைல வேணாம் ஒடீல். புதுச் சரக்குங்கற. வெடிச்சுகிடிச்சு வச்சா?"

ஒடீல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை, இத்தனை வருஷம் வட்டியோடு சேர்த்து வைத்திருந்த சிரிப்பு. "ஐயோ, யாராச்சும் வாங்களேன்! எங்க வீட்டு ரெமிக்குப் பயமாம்! பீர் பாட்டிலைப் பாத்துப் பயமாம்!" பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த லீவெனும் மற்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அதோடு விட்டாளா? ரொட்டிக்கடை வரிசையில் சொன்னாள். குஸ்தாவின் காப்பியும் பீரும் விற்கிற கடையில் சொன்னாள். குஸ்தாவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. அடுத்த வாரம் முழுக்க ரெமி கடைக்குள் நுழைந்தால் யாராவது பாட்டில் மூடியைப் பட்டென்று திறந்து, "கீழ படு ரெமி, கீழ படு!" என்பார்கள். பெட்டிகள் கொட்டகைக்குப் போய்விட்டன. கதவுக்குப் பக்கத்திலேயே சுவரோரமாக ஆளுயரத்துக்கு மேல் அடுக்கப்பட்டன. ரெமி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

வில்ட யான் பீரை வெளியிடுகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே ஆலையில் கூடியது. ஊர் பாண்டு வாத்தியக்காரர்கள் விரைத்த விரல்களை ஊதிக்கொண்டு நின்றார்கள். புதுப் பீருக்கென்று குட்டையான காலும் அகன்ற வாயுமாகப் புதுக் கோப்பை செய்து மேஜையில் வரிசையாக வைத்திருந்தான் லீவென். பன்றிக்கறி உருண்டையும் கடுகும் பாலாடைக்கட்டித் துண்டுகளும் தட்டுகளில் இருந்தன. ரெமி வரவில்லை. "குருத்து முத்திப்போயிடும், வெட்டி முடிச்சிட்டு வர்றேன்" என்று காலையிலேயே கொட்டகைக்குப் போயிருந்தான். நாலு நாளாகவே அவனுக்கு எந்நேரமும் கொட்டகைதான். சாப்பாட்டுக்குக்கூட நேரத்துக்கு வருவதில்லை.

நகராட்சித் தலைவர் ஏதோ பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். லீவென் முதல் பாட்டிலை உயரத் தூக்கிக் காட்டிவிட்டு மூடியைத் திறந்தான்.

பாட்டிலில் இருந்த பீர் முழுவதும் ஒரே மூச்சில் கூரைக்குப் போய்விட்டுத் தலைவர் தோளில் குறுக்காகப் போட்டிருந்த பதவிப் பட்டை மேல் இறங்கியது. ஊர் கொல்லென்று சிரித்தது. பாண்டுக்காரன் ஒருவன் முரசை ஒரு தட்டுத் தட்டினான். லீவெனும் அசடு வழியச் சிரித்துக்கொண்டு இரண்டாவது பாட்டிலைத் திறந்தான். அதுவும் அப்படியே போனது. மூன்றாவதும்.

ஒடீல் சிரிக்கவில்லை. இவை குளிர்ந்த நிலவறையிலிருந்து எடுத்து வந்த பாட்டில்கள். குளிரில் இருந்ததே இந்தத் துள்ளுத் துள்ளினால், இன்னும் கதகதப்பிலேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறதே, அது? அதற்குமேல் மனசு போன இடம் ஒரே இடம்தான். ஜன்னல் இல்லாத கொட்டகை. ஒரே கதவு. கதவோரமாகப் பெட்டிகள். அந்தப் பெட்டிகளைத் தாண்டி உள்ளே, மண்டி போட்டுக் குருத்து வெட்டுகிற ரெமி. காது கொஞ்சம் மந்தம். காதில் வைக்கிற கருவியை ஈரம் பட்டுக் கெட்டுவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவன். செல்போனும் அதன் பக்கத்திலேயே கிடக்கும்.

லீவெனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "லீவென், கொட்டகை."

லீவெனின் முகம் வெளிறிப்போவதை அவள் கண்ணால் பார்த்தாள். அவன் சுற்றிலும் பார்த்தான். ஆளுக்கொரு பாட்டில், குழந்தைகள் மேஜைக்கடியில். "எல்லாரும் பாட்டிலைக் கீழ வைங்க! மெதுவா! ஒருத்தரும் கையில வெச்சிருக்காதீங்க!" என்று கத்திவிட்டு, அவள் பக்கம் திரும்பினான். "இங்க இத்தனை பேரை விட்டுட்டு நான் வர முடியாது. நீங்க போங்க. ஆனா உள்ள மட்டும் போயிடாதீங்க, கேட்டுதா? வெளிய நின்னு கூப்பிடுங்க."

நிரப்புமிடத்தில் மாட்டியிருந்த, முகம் முழுக்க மறைக்கிற பிளாஸ்டிக் தடுப்பையும் தோல் கையுறையையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். ஆற்றோரப் பாதை பனியில் வழுக்கியது. நாய் வீட்டைத் தாண்டினாள். நாய் குரைத்ததா இல்லையா என்று பிறகு கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான்தானே சிரித்தேன், நான்தானே வைக்கச் சொன்னேன் என்று வாய்விட்டே புலம்பிக்கொண்டு மிதித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து குளிரில் எரிந்தது.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கத்தினாள். "ரெமி! வெளிய வா! ரெமி!"

கதவில் காதை வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே டப் என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து கண்ணாடி கொட்டுகிற சத்தம். ஓடிவிடலாம் என்று உடம்பு சொன்னது. எப்போதும் அது சொல்வதைக் கேட்கிறவள்தான். கதவை உலுக்கினாள், கையால் தகரத்தை அறைந்தாள், இன்னும் ஒரு தடவை கத்தினாள். உள்ளே அடிபட்டுக் கிடக்கிறானோ என்ற நினைப்பு வந்தது. அது வந்த பிறகு வெளியே நிற்க முடியவில்லை.

முகத்தடுப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. பீரும் ஈரமண்ணும் கலந்த வாடை முகத்தில் மோதியது. காலடியில் கண்ணாடி நொறுங்கியது. பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. குருத்தில் வெளிச்சம் பட்டுப் பச்சை பிடிக்கக் கூடாதென்று ரெமி மாட்டிய வில்கதவு அது. பெட்டிகள் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரை உரசியபடி நகர்ந்தாள். "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர வேறு ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. பாதி தூரத்தில் ஒன்று வெடித்தது. எதுவோ அவள் தோளில் வந்து அறைந்தது. கோட்டுக் கை கிழிந்து உள்ளே சூடாக ஈரமானது. ரத்தமா பீரா என்று பார்க்கவும் வெளிச்சம் இல்லை. நின்றால் நின்றுவிடுவோம் என்று தெரிந்து, நிற்காமல் போனாள்.

கடைசிப் பாத்தியை அடைந்ததும் மண்டியிட்டுத் தடவினாள். "ரெமி. ரெமி, எங்க இருக்க?" கைக்குத் தட்டுப்பட்டது தகரம்தான். நெளிதகரங்கள் மூடியபடி இருந்தன. ஒன்றைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தாள். குருத்துகள் முத்தி, வாய் பிளந்து, வெட்டாமல் நின்றன. இந்தப் பாத்தியை யாரும் நாலு நாளாகத் தொடவில்லை. சுவரைத் தடவினால், வெட்டுகத்தி அதன் ஆணியிலேயே தொங்கியது.

அவன் இங்கே இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஒரு கணம் சந்தோஷமும் பட்டாள். அடுத்த கணம்தான் புரிந்தது: அவன் இல்லாத இடத்தில், ஒரே கதவுக்கு நேரெதிர்க் கடைசியில் அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை இரண்டு மூன்று பாட்டில்கள் சேர்ந்து வெடித்தன. மேல்பெட்டி ஒன்று சரிந்து விழ, அதில் இருந்தவையும் வெடித்தன. ஒடீல் இரண்டு பாத்திகளுக்கு நடுவில் சுருண்டு, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது. அழுகைகூட வரவில்லை.

திடீரென்று கொட்டகை முழுக்க வெளிச்சம். கதவு சுவரோடு மோதுகிற அளவுக்கு யாரோ அதை உதைத்துத் திறந்து, அது மறுபடி சாத்தாமல் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்திருந்தார்கள். குருத்துக்கு ஒரு தீக்குச்சி வெளிச்சம்கூட ஆகாதென்று சொல்கிறவன், பகல் வெளிச்சம் அத்தனையையும் உள்ளே விட்டுவிட்டு, ஒரு நெளிதகரத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தான். "ஒடீல்! எங்கடி இருக்க? ஒடீல்!" குரல் உடைந்து கீச்சென்று வந்தது. பெட்டிகளைத் தாண்டும்போது தகரத்தில் கண்ணாடி சடசடவென்று அடித்தது. அவன் ஐயோ என்று அலறினான். ஆனாலும் திரும்பவில்லை.

அவளைக் கண்டதும் தகரத்தோடு அவள் பக்கத்தில் விழுந்தான். இரண்டு பேரும் தகரத்துக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டார்கள்.

"எங்க போய்த் தொலைஞ்ச?" அவன் காதுக்குள் கத்தினாள்.

"வேலிக்கு அந்தப் பக்கம். டிராக்டர்ல. கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா உன் சைக்கிள் கெடக்கு."

"டிராக்டர்ல என்ன வேலை?"

தகரத்துக்கு அப்பால் ஒன்று வெடித்தது. அவன் அவள் கையை நசுக்கினான்.

"வியாழக்கெழம ஒண்ணு வெடிச்சுது. நான் வெட்டிக்கிட்டு இருந்தப்ப. அதுக்கப்புறம் உள்ள வரவே இல்ல. காலைல வந்து டிராக்டர்ல ஏறி உக்காந்துக்கறது. இருட்டினதும் வீட்டுக்கு வந்துடறது."

"வியாழக்கெழமையா!" அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என்கிட்ட ஏண்டா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லீவென் அன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்தியிருப்பானே. ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்ப."

ஒடீல் அவனைப் பார்த்தாள். கன்னத்தில் மண், கண்ணில் தண்ணீர், வழுக்கைத் தலையில் ஒரு சிலந்திவலை. ஓங்கி அறையலாம் போல இருந்தது. ஒரு அறை விடத்தான் செய்தாள், கையுறைக் கையால், தோளில்.

"நீ என்னைப் பாத்து எத்தனை வருஷமா சிரிக்கிற? ஊரே சிரிக்குது. நான் சொல்லாம இருந்தேனா? இடின்னா இடின்னு சொன்னேன். நாய்னா நாய்னு சொன்னேன். நீ சிரிப்பேன்னு தெரிஞ்சுதான் ஒவ்வொண்ணையும் வந்து சொன்னேன். ஒரே ஒரு தடவ நான் சிரிச்சேன், நீ போய் டிராக்டர்ல ஒளிஞ்சுகிட்ட."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல ஒடீல்."

"நான் செத்திருப்பேன்டா."

"தெரியும்" என்றான். அழுகை குமுறிக்கொண்டு வந்தது. அவள் முகத்தடுப்பைக் கழற்றி அவன் முகத்தில் மாட்டப் போனாள். அவன் தலையை ஆட்டி மறுத்து, அதை மறுபடி அவள் முகத்துக்கே தள்ளினான். தகரத்தின் மேல் ஏதோ வந்து விழுந்து உருண்டது. தூரத்தில், ஆற்றோரப் பாதையில் லீவெனின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வருவது கேட்டது. அவர்கள் வந்தாலும் உள்ளே நுழைய முடியாது. எல்லாம் வெடித்துத் தீரும்வரை இப்படியேதான் கிடக்க வேண்டும்.

"ரெமி."

"என்ன?"

"இப்ப சொல்லு."

"எதை?"

"வியாழக்கெழம சொல்லாததை."

அவன் தகரத்தை அவள் பக்கம் இன்னும் இழுத்து மூடினான். "பயமா இருக்கு" என்றான்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

"எனக்கும்தான்" என்றாள் ஒடீல். "தலையைக் குனி. இன்னும் கொஞ்சம் கிட்ட வா."